வேலியில்லாத அயல்

மன்னார் சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கப் போகும்போது ஒரு முழு இதயத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவ மாணவர் படிக்கிற பாடத்தில் பாதி கைக்குள் வந்துவிடும். மேற்பாகத்தைச் சுற்றியும், முன்பக்கம் நுனியை நோக்கி இறங்குகிற பள்ளத்திலும் வெள்ளைக் கொழுப்பு கட்டியாக ஒட்டியிருக்கும். கத்தி நுனியால் அதை மெல்லக் கீறினால் உள்ளே ஒரு குழாய் ஓடுவது தெரியும். இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகிற முடியுரு நாடி அது. கொழுப்பிலிருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுப்பது இலேசல்ல. மனித இதயமும் இப்படித்தான்.

மெலிந்தவர் இதயத்திலும் இந்தக் கொழுப்பு உண்டு. சராசரி மனித இதயத்தின் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம் இதுதான். தசைக்கு எரிபொருள் கொடுப்பதும், ஓயாத துடிப்பில் நாடி அடிபடாமல் காப்பதும் அதன் வேலை. அளவு மீறும்போதுதான் வில்லங்கம். உடம்பின் வேறு பல இடங்களில் கொழுப்பையும் தசையையும் ஒரு சவ்வு பிரித்து வைத்திருக்கும். இதயத்தில் அது கிடையாது. நடுவில் வேலி போடாத அயல்வீடு போல, இந்தப் பக்கம் சுரப்பது அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

என்னதான் சுரக்கிறது? 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு வந்த 42 பேரிடம் இரண்டு துண்டுக் கொழுப்பு எடுத்தார்கள்: ஒன்று இதயத்தின் மேலிருந்து, மற்றது காலில் தோலுக்கு அடியிலிருந்து. ஒரே ஆளின் உடம்புதான். ஆனாலும் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இதயக் கொழுப்பில் மிகக் கூடுதலாக இருந்தன. அந்த ஆள் பருமனானவரா, நீரிழிவுக்காரரா என்பது இந்த வித்தியாசத்தை மாற்றவில்லை.

இந்தக் கொழுப்பு பக்கத்து நாடியைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இன்னொரு சாட்சியம் உடற்கூற்றியலில் நெடுநாளாகக் கிடக்கிறது. சிலருக்கு முடியுரு நாடியின் ஒரு பகுதி கொழுப்பை விட்டிறங்கித் தசைக்குள் புகுந்து, கொஞ்சத் தூரம் போய் மறுபடி மேலே வரும். தசைக்குள் ஓடுகிற அந்தத் துண்டில் கொழுப்புப் படிவு அநேகமாக இருப்பதில்லை. அதற்கு முன்னால், கொழுப்பில் புதைந்த பகுதியில் இருக்கும். தசை அழுத்துவதால் இரத்த ஓட்டம் மாறுவதும் ஒரு காரணம். அதனால் பழி முழுவதையும் கொழுப்பின் தலையில் போட்டுவிட முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் மறுபக்கம்தான். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சரலம்போஸ் அன்டோனியாடிஸின் குழு 2017இல் காட்டியது இது: நாடிச் சுவரில் அழற்சி தொடங்கினால், அங்கிருந்து வரும் சமிக்ஞை பக்கத்துக் கொழுப்புக் கலங்களை முதிரவிடாமல் தடுக்கிறது. அவற்றில் எண்ணெய் குறைந்து நீர் கூடுகிறது. சீ.ரீ. ஸ்கேன் இந்த மாற்றத்தைப் பிடித்துவிடும். 2018இல் ஜெர்மனி, அமெரிக்க நோயாளர் ஏறக்குறைய 3,900 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தபோது, இந்த மாற்றம் அதிகமாக இருந்தவர்கள் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. அடைப்பே தெரியாத நாடியின் நோயையும் அயல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, பேசாலையிலோ வங்காலையிலோ கடலுக்குப் போகிற மெலிந்த மனிதருக்கு இதெல்லாம் எதற்கு? காரணம் இருக்கிறது. 2004இல் லண்டன் மருத்துவர் ஜோன் யட்கினும் புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் தங்கள் படங்களைப் பக்கத்தில் வைத்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டி 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. யட்கின் மரதன் ஓடுபவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தெற்காசிய உடம்பு ஒல்லியாகத் தெரிந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ப்பது உண்மை. வயிற்றுக்குள் கூடினால் இதயத்தைச் சுற்றியும் கூடும். இலங்கையும் சேர்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியரின் இடைநிலை வயது 53; மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59.

சொதியில் விட்ட தேங்காய்ப்பால் நேரே போய் இதயத்தில் ஒட்டுவதில்லை. செலவழியாமல் மிஞ்சுகிற எதுவும், சோறானாலும் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியானாலும், கொழுப்பாக மாறும். கரைவலையை ஆட்கள் வரிசையாக நின்று இழுத்த கரைகள் பலவற்றில் வின்ச் வந்துவிட்டது. தண்டு வலித்த கைக்கு இயந்திரம் வந்துவிட்டது. முதுகு பிழைத்தது நல்லதுதான். சாப்பாட்டின் அளவு மட்டும் பழையபடி.

இதற்காக யாரும் ஸ்கேனுக்கு அலைய வேண்டியதில்லை. தையல்காரரின் அளவுநாடா போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால், கிளினிக்கில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்த்துவிடலாம். இதயக் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிற பொடிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். லிராகுளூடைட் என்ற நீரிழிவு ஊசி அந்தக் கொழுப்பின் தடிப்பைக் குறைத்தது 2017இல் தெரியவந்தது. அது மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து. காசில்லாத வழி டென்மார்க்கிலிருந்து வந்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில், வயிறு பெருத்த 50 பேரில் சிலரை 12 வாரம், வாரத்துக்கு மூன்று தடவை 45 நிமிடம் மூச்சு வாங்கப் பயிற்சி செய்யவைத்தார்கள். இதயத்தோடு ஒட்டிய கொழுப்பு 32 சதவீதம் குறைந்தது. பாரம் தூக்கிய வேறு சிலருக்கு 24 சதவீதம் குறைந்தது. இதய உறைக்கு வெளியே இருக்கிற கொழுப்பும் அவர்களுக்கு மட்டும்தான் இறங்கியது.