இளஞ்சிறாரும் யோகப் பயிற்சியும்



முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் அங்கே சிறுவர் வெளியில் ஓடியாட வழியில்லை. லயத்து வீட்டின் சிற்றறையே அவர்களுக்கு உலகம். கொழுந்து பறித்து மாலையில் திரும்பும் தாய்க்கோ முதுகு நோவு. குழந்தைக்கோ அடங்காத துள்ளல். கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் வீடு அமைதியாகும். ஆயின் அவ்வமைதி உடலுக்கும் உறவுக்கும் நலம் தருவதன்று. மும்பையிலும் பெங்களூரிலும் சிறு குடியிருப்புகளில் வாழும் தமிழர்க்கும் இந்நிலை புதிதன்று. இத்தகைய இல்லங்களில், ஒரு கம்பளி விரிக்கும் இடத்தில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்யக்கூடிய யோகப் பயிற்சியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாடுதல் வேண்டும் என்றும், திரையின் முன் அமர்தல் ஒரு மணி நேரத்தைக் கடத்தல் ஆகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. யோகம் ஒன்றே இதனை நிறைவு செய்துவிடாது. ஓட்டத்திற்கும் தாவலுக்கும் அது ஈடன்று. எனினும், ஓட்டத்தில் எளிதில் கைவராத இரண்டினை அது கற்பிக்கின்றது. ஒன்று, நிலைத்து நிற்றல். மற்றொன்று, தன் மூச்சைத் தான் அறிதல்.

ஒற்றைக்காலில் மரம்போல் நிற்கும் குழந்தையின் கண்ணும், உட்செவியும், உள்ளங்காலும் ஒன்றோடொன்று இணைந்து உடலைச் சாயாமல் காக்கப் பழகுகின்றன. மூச்சு உட்செல்லும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவரும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. ஆகவே வண்டுபோல் ரீங்கரித்து மூச்சை மெல்ல நீளவிடும் குழந்தை, அழுகையும் சினமும் தணியும் வழியொன்றைத் தன்னிடத்திலேயே கண்டுகொள்கின்றது.

யோகம் தமிழர்க்கு அயலான கலையன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனம், பிராணாயாமம் முதலிய எட்டு உறுப்புகளையும் விளக்கியுள்ளார். ஆயினும் முதிர்ந்தோர்க்குரிய சாதனையை மழலையர்மேல் ஏற்றலாகாது. 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கு யோகாசனம் கற்பித்து, பின்னாளில் சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பவே பயிற்சி அமைதல் வேண்டும் என்பதை வலியுறுத்தினார். அவர் நெறியில் வளரும் பருவத்தார்க்கு இயக்கம் மிகுந்த பயிற்சியே உரியது. நெடுநேர அமர்வு அன்று.

எனவே பயிற்சியை விளையாட்டாகவே தொடங்குக. பூனைபோல் முதுகை வளைத்தல், பாம்புபோல் தலை நிமிர்த்தல், மரமாய் நிற்றல், பிள்ளையார் முன் இடுவதுபோல் நாலைந்து தோப்புக்கரணம், வண்டின் ரீங்காரம், முடிவில் கண்மூடிச் சிறிது நேரம் படுத்திருத்தல். இவை பத்து நிமிடத்தில் அடங்கும். குழந்தை ஏவலைக் கேட்டுக் கற்பதைவிடப் பார்த்தே மிகுதியும் கற்கும். ஆதலின் “செய்” என்று கட்டளையிடாமல், தாயும் தந்தையும் தாமே முன்னின்று செய்தல் வேண்டும். நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்த முதுகிற்கும் இம்மெல்லிய நீட்டல்கள் இதமளிக்கும்.

சில எச்சரிக்கைகளும் உள. உணவுண்டவுடன் பயிலற்க. கைகால்களை இழுத்து வளைத்தல் கூடாது; எலும்பு முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. மூச்சை அடக்கி வைக்கும் கும்பகமும், தலைகீழாய் நிற்கும் சிரசாசனமும் மழலையர்க்கு வேண்டா. குழந்தை மறுக்கும் நாளில் விட்டுவிடுக. நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவரே துணை; யோகம் அவரிடத்தைப் பெறாது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்கள் பலர் பணிபுரியும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வகை செய்தது. தாய் மலையிலும் சேய் காப்பகத்திலுமாகப் பகற்பொழுது கழிந்தால், இருவரும் கூடும் மாலை மிகக் குறுகியது. நகரங்களில் அலுவலகம் செல்வோர் வீட்டிலும் கணக்கு இதுவே. அக்குறுகிய பொழுதில் பத்து நிமிடம் முழுமையாகத் தனக்கென வாய்ப்பதே குழந்தை பெறும் தலையாய பயன் என்பேன்.

இன்னொன்றும் உண்டு. பள்ளியில் வேற்றுமொழி பயிலும் பிள்ளை, வீட்டில் மரம், பாம்பு, பூனை, வண்டு என்று சொல்லிச் சொல்லிப் பயிலும்போது, தாய்மொழியும் அதன் உடலோடு சேர்ந்தே வளர்கின்றது. இன்று மாலையே கம்பளியை விரித்துத் தொடங்கிப் பாருங்கள்.