கவராயம் ஏந்தும் கரங்கள்

கல்வி என்பது ஏட்டோடு நின்றுவிடுவதன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே பயில்வது. இதனை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும், தேர்வு நெருங்கியதும் கால அட்டவணையில் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பே. பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வி கட்டாயமாதல் வேண்டுமென 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைத்தது. இருந்தும், பல பள்ளிகளில் ஓவிய வேளையைக் கணக்குக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. நடைபெறும் வகுப்பும் பூச்சாடியைப் பார்த்து வரைவதோடு முடிந்துவிடுகிறது.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், உலகப் பண்பாடுகளின் பழங்கைவினைகளையே ஓவியப் பாடமாக்கலாம் என்பது நம் கருத்து. கைவினை ஒன்றைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

அல்ஹம்ராவின் சுவர்கள்

ஸ்பெயின் நாட்டுக் கிரானடாவில், நஸ்ரீ மரபு மன்னர்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய அரண்மனைக் கோட்டை அல்ஹம்ரா. 1492இல் அந்நகரின் ஆட்சி கைமாறியது. சுவர்களை அணிசெய்த வண்ண ஓட்டுக் கோலங்களோ இன்றும் நிலைத்துள்ளன. ஸெல்லீஜ் எனப்படும் இக்கலை மொராக்கோவின் ஃபெஸ் நகரில் இன்றும் வாழ்கிறது. களிமண் ஓடுகளைச் சுட்டு, வண்ண மெருகிட்டு, மீண்டும் சுடுகின்றனர். பின்னர்க் கூரிய சுத்தியலால் சிறுசிறு வடிவங்களாகக் கொத்தியெடுத்து, வண்ணமுகம் தரையை நோக்குமாறு அடுக்கிச் சாந்து ஊற்றுகின்றனர். அடுக்கும்போது வண்ணம் கண்ணுக்குத் தெரியாது. முழுக்கோலமும் கைவினைஞரின் மனத்துள் இருக்கும்.

பள்ளிவாசல்களில் உயிருருவங்களைத் தவிர்க்கும் மரபு, வடிவியற்கோலமும் கொடியணியும் எழுத்தணியும் செழிக்க ஒரு காரணமாயிற்று. 'ஓவியம் நமக்கு ஆகுமா?' எனத் தயங்கும் பெரியோர்க்கு இச்சுவர்களே விடை கூறும்.

வகுப்பறையில்

முதலில் நிலப்படத்தில் ஊரைக் காட்டி, அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். அடுத்து, மாணவர் கையில் கவராயத்தையும் அளவுகோலையும் தருதல் வேண்டும். வட்டம் வரைந்த அதே அளவால் அதன் விளிம்பை அளந்து வந்தால், ஆறாம் அடியில் தொடங்கிய இடத்தை அடையலாம், அறுகோணம் பிறக்கும். மையம் பிறழாமல் ஒரு சதுரத்தின்மீது அதே அளவுள்ள மற்றொன்றை 45 பாகை திருப்பி வைத்தால் எண்முனை நட்சத்திரம் பிறக்கும். மதீனாவில் அச்சாகும் திருக்குர்ஆன் பிரதிகளில், ஹிஸ்பின் கால்பகுதி தொடங்குமிடத்தைக் காட்டும் குறியும் இவ்வடிவமே.

பிறகு வண்ணத்தாளில் நட்சத்திரங்களை வெட்டி, முனையோடு முனை பொருந்த வரிசையாக ஒட்டச் செய்யலாம். இடைவெளிகள் தாமே சிலுவை போன்ற வடிவம் கொள்வதைக் கண்டு மாணவர் வியப்பர். 'ஒழுங்கு ஐங்கோணங்களால் இடைவெளியின்றி நிரப்ப இயலுமா?' என வினவலாம். ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. ஒரு புள்ளியில் மூன்று சேர்ந்தால் 324, நான்கு சேர்ந்தால் 432, 360 கிட்டுவதேயில்லை. கணக்குக்குக் கொடுத்த கடன் இங்கே வட்டியோடு திரும்புகிறது!

நம் பாய், நம் பாடம்

இறுதியாக, தம் பகுதிக் கைவினை ஒன்றோடு ஒப்பிடச் செய்தல் வேண்டும். நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில், லெப்பை முஸ்லிம் குடும்பத்தார் ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் நெய்யும் பாய் புகழ்பெற்றது. ஓட்டில் எத்திசையும் செல்லும் கோடு, பாயில் ஊடும் பாவுமாய்ப் படிப்படியாகவே செல்கிறது. பொருளே கோலத்தை வகுக்கிறது என்னும் உண்மையை மாணவர் தாமே காண்பர். பாய் நெய்வோர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அவ்வகுப்பில் இருப்பின், அன்று அவளே ஆசிரியை. தன் தாயின் தொழிலைச் சொல்லக் கூசியிருந்தவள், நிமிர்ந்து நின்று விளக்குவாள். இதனினும் பெரிய பயன் வேறென்ன வேண்டும்?

மொராக்கோவில் கைவினைத் தலைவரை 'மஅல்லெம்' என்றழைப்பர். நம் மதரஸாக்களில் ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லே அது. தமிழில் தச்சரைக் குறிக்கும் 'ஆசாரி' என்பதும், ஆசிரியரைக் குறிக்கும் 'ஆசாரியர்' என்பதன் வழிவந்ததே. கைத்தொழில் வல்லாரையும் கற்பிப்பாரையும் ஒரே சொல்லால் போற்றிய மரபுகளுக்கு நாம் உரியோர். ஆதலின், பள்ளிகளை நடத்தும் பெரியோரிடமும், நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவச் செல்வங்களிடமும் நாம் வேண்டுவது ஒன்றே: வாரத்தில் அந்த ஒரு வேளையை எவர்க்கும் கடன் கொடாதீர்கள்!