நாணயத்துக்கு மூன்று விலைகள்

ஒரு நாணயத்துக்கு மூன்று விலைகள் உண்டு. அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும் முகமதிப்பு ஒன்று. அதிலுள்ள உலோகத்தின் விலை மற்றொன்று. சேகரிப்பாளர் தர முன்வரும் விலை மூன்றாவது. நாணயத்தையொட்டிச் செய்யப்படும் நினைவுப் பொருளுக்கோ முதலாவது இல்லை. இரண்டாவது பெரும்பாலும் சொற்பம். மூன்றாவது மட்டுமே உண்டு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையிலும், இத்தகைய பொருள்களைச் சேகரிப்பவன் என்ற முறையிலும் இந்த வேறுபாட்டை விளக்குவது அவசியம் எனக் கருதுகிறேன்.

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆவது ஆண்டையொட்டி, 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு நிதி திரட்டுவதற்காகக் கொலம்பஸின் உருவம் பொறித்த வெள்ளி அரை டாலர் வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் முதல் நினைவு நாணயமாக அறியப்படுவது அதுவே. 50 சென்ட் முகமதிப்புள்ள அந்த நாணயம் ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. முதல் நாணயத்தை ரெமிங்டன் தட்டச்சுப்பொறி நிறுவனத்தார் 10,000 டாலர் கொடுத்து வாங்கினர். ஆனால், ஏறத்தாழ 50 லட்சம் நாணயங்கள் அச்சடிக்கப்பட்டதால் விற்பனை மந்தமானது. ஏறக்குறைய பாதி உருக்கப்பட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி முகமதிப்பிலேயே புழக்கத்துக்கு வந்தது.

அதே கண்காட்சிக்காக ஸ்பெயின் அரசி இஸபெல்லாவின் உருவத்துடன் கால் டாலர் நாணயமும் வெளியானது. அதன் விலையும் ஒரு டாலர்தான். அரை டாலரே அந்த விலைக்குக் கிடைக்கும்போது கால் டாலர் எதற்கு எனப் பலர் ஒதுக்கினர். சுமார் 24,000 நாணயங்களே மக்களைச் சென்றடைந்தன. இன்று கொலம்பஸ் நாணயத்தைவிடப் பலமடங்கு விலைபோவது இஸபெல்லாதான். பழைமை இரண்டுக்கும் ஒன்றே. விலையைத் தீர்மானித்தது அளிப்பும் தேவையும்.

அந்தக் கண்காட்சியில் இன்னொரு வேடிக்கையும் அறிமுகமானது. நாணயத்தை இரு உருளைகளுக்கிடையே செலுத்தி, நீள்வட்டமாக நசுக்கி, கண்காட்சியின் பெயரைப் பதித்துக் கொடுத்தார்கள். அந்த நொடியிலேயே அது பணம் என்ற தகுதியை இழந்தது. ஆயினும், மக்கள் கட்டணம் கொடுத்து அதைச் செய்துகொண்டனர். மோசடி நோக்கமின்றி நாணயத்தின் உருவை மாற்றுவதை அமெரிக்கச் சட்டம் தடுப்பதில்லை. அதனால் சுற்றுலாத் தலங்களில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயங்களை உருக்குவதையும் சிதைப்பதையும் தடை செய்கிறது.

அத்தகைய நினைவுப் பொருளை விரும்பி வாங்குவதில் தவறில்லை. தருகின்ற விலைக்கு மகிழ்ச்சி கிடைக்கிறது, கணக்கு நேராகிவிடுகிறது. நினைவுப் பொருளை வரலாற்று நாணயமாகக் காட்டி விற்கும்போதுதான் தீமை தொடங்குகிறது.

'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்ற எழுத்துகளுடன் ராமர் பட்டாபிஷேகக் காட்சி பொறித்த காசுகள் நம் கடைவீதிகளில் கிடைக்கின்றன. அவ்வாண்டில் அப்படியொரு நாணயத்தைக் கம்பெனி வெளியிடவில்லை. அவை பிற்காலத்தில் தனியார் செய்த காசுகள். பக்திக்காகப் பூஜையறையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அரிசியை ஈர்க்கும் அபூர்வ சக்தி உண்டென்றும், கோடிக்கணக்கில் விலைபோகும் என்றும் கதைகட்டி, ஓய்வூதியப் பணத்தையும் வாழ்நாள் சேமிப்பையும் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன.

பழைய நாணயங்களை வாங்குவதாகக் கூறி, தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பொருளை விற்பவர்தான் பணம் பெற வேண்டும். விற்பவரிடமே முன்பணம் கேட்கப்பட்டால், அங்கு விற்பனைக்கு வந்திருப்பது நாணயமல்ல, அவருடைய ஆசை.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்ற பொருளும் உண்டு. காசின் வயதைக் கேட்கும் முன், அதை நீட்டுபவரின் நாணயத்தைச் சோதிப்பதே சேகரிப்பின் முதல் பாடம்.