துருவேறிய திருகாணியைக் கழற்றும் முறை

கிணற்று மேட்டிலுள்ள பழைய ஆயில் என்ஜினையோ, ஊராட்சியின் பம்பையோ பழுதுபார்க்க முற்படும்போது, துருவேறி இறுகிய ஒரு திருகாணியே பெரும் இடையூறாகிவிடுவதை நாம் அறிவோம். பயிர் நீருக்குக் காத்திருக்கும் வேளையில் பொறுமையிழந்து, ஸ்பானரில் நீண்ட குழாயை மாட்டி நெம்பினால் திருகாணி முறியும், வார்ப்பிரும்பும் வெடிக்கக்கூடும்.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. அத்துருவே மரைகளின் இடைவெளியை அடைத்து இறுக்குகிறது. ஆகவே, முதலில் கம்பித் தூரிகையால் மேற்துருவை அகற்றி, மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து மரையோரத்தில் விட்டு, ஓர் இரவு ஊறவிடவேண்டும். மறுநாள் திருகாணியின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துரு விரிசலுற்று எண்ணெய் உட்புகும். பின்னர், அளவு பொருந்திய ஸ்பானரால் முதலில் சிறிதளவு இறுக்கும் பக்கமும், பிறகு கழற்றும் பக்கமுமாக மாறிமாறி அசைத்தல் நன்று.

அப்போதும் இளகாவிடில், எண்ணெயை நன்கு துடைத்து, எரிபொருளை அப்பால் அகற்றிய பின்னரே நட்டைச் சூடாக்கலாம். நட்டு விரிந்து பிடி தளரும். சூடான வார்ப்பிரும்பின்மீது தண்ணீர் ஊற்றலாகாது.

தலை முறிந்துவிட்டால், எஞ்சிய தண்டின் நடுவே துளையிட்டு, இடப்புற மரையுள்ள கருவியைச் செலுத்தி எடுக்கவேண்டும். இப்பணியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே நலம்.

மீண்டும் பூட்டுமுன் மரையைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவுவோமாக. ஓர் இரவுப் பொறுமை, ஒரு புதிய வார்ப்பின் விலையை மிச்சப்படுத்தும்.