வேன் பயணம்: வண்டி நிற்கும் இடத்தில்தான் ஆரோக்கியம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்துத் தெருக்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இஷா முடிந்த பிறகு ஒரு வீட்டு வாசலில் டெம்போ டிராவலர் வந்து நிற்கும். மேலே பாய், தலையணை மூட்டை, அரிசிப் பை, பிரியாணி தேக்சா. உள்ளே 20 லிட்டர் தண்ணீர் கேன், அடுப்பு, மருந்து டப்பா, நன்னியின் கைத்தடி. நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஐந்தாறு நாளைக்கு ஊட்டி, மூணாறு, கன்னியாகுமரி என்று கிளம்புகிறார்கள்.

வெளிநாடுகளில் படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டியில் குடும்பம் குடும்பமாகப் போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கேரள அரசு 2021இல் ‘கேரவன் கேரளா’ என்ற திட்டத்தையே கொண்டுவந்தது. நமக்குக் கேரவன் என்றால் சினிமா நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஐந்தாறு நாளும் சாப்பாடு, தூக்கம், குழந்தை பராமரிப்பு எல்லாம் வேனிலேயே நடப்பதால் நம்முடைய கேரவன் இந்த வேன்தான்.

திரும்பி வந்த வாரம் என்ன நடக்கிறது? ஒருவருக்குக் கால் வீங்கியிருக்கும். பெண்களில் இருவருக்காவது நீர்க்கடுப்பு. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சர்க்கரை உள்ள பெரியவருக்கு அளவு ஏறியிருக்கும். கேட்டால் ‘தண்ணி மாறிப்போச்சு’ என்று ஒரே பதில். தண்ணீரும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் வேறு. வண்டி எப்போது நிற்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. ‘போற வழியில பாத்துக்கலாம்’ என்று கிளம்புகிறோம். அங்கேதான் உடம்பு கெடத் தொடங்குகிறது.

முதலில் கால்களைப் பார்ப்போம். உட்கார்ந்தே இருந்தால் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி விரிந்துதான் காலின் இரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளுகிறது. அது நின்றுபோனால் இரத்தம் கீழே தேங்கிக் கால் வீங்கும். சிலருக்கு உள்நரம்பில் இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயந்துவிட வேண்டாம். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் இது வருகிறது. கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமானவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இவர்களில் யாராவது வேனில் இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து எளிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும், எல்லாரும் இறங்க வேண்டும், ஐந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். ‘நான் இங்கயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க’ என்று சொல்லும் நன்னியைத்தான் முதலில் இறக்க வேண்டும். வண்டிக்குள் இருக்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குவது, பாதத்தைச் சுழற்றுவது போதும். காலடியில் மூட்டை வைத்துக்கொண்டு மடக்கிய காலோடு எட்டு மணி நேரம் உட்காருவது நம் வேன்களில் சர்வசாதாரணம். மூட்டை மேலே போகட்டும், கால் நீளட்டும்.

இங்கே தொழுகையைப் பற்றி ஒரு விஷயம். தொழுகைக்காக நிறுத்துவதே பலருக்கு ஓய்வு நிறுத்தமாகவும் அமைந்துவிடுகிறது. உளூச் செய்ய நடக்கிறோம், முகம் கழுவுகிறோம், நிமிர்ந்து நிற்கிறோம். ஆனால் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் ஜம்உ செய்வார்கள். ஐந்து நிறுத்தம் மூன்றாகிவிடும். ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்தில் தொழுவதால் அவர்களுக்கு அந்த நிறுத்தங்கள் தப்பாது. மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதனால் மிச்சமான நேரத்தை வண்டியோட்டத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். லுஹருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே ஐந்தாறு மணி நேரம் இருக்கிறது. நடுவில் ஒரு டீக்கடையில் இறங்கியே ஆக வேண்டும்.

நிறுத்தம் என்றதும் பெண்களின் சிரமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெடுஞ்சாலைப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறையோ உளூ இடமோ கிடையாது. ஆண்கள் இறங்கிப் போய் வந்துவிடுவார்கள், பெண்கள் வேனிலேயே இருப்பார்கள். இது தெரிந்திருப்பதால் அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்ப்பாதைத் தொற்று, சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு வலி எல்லாம் இதனால்தான். வெயிலில் தண்ணீரும் குறைந்தால் இரத்தம் உறையும் அபாயமும் கூடுகிறது. எங்கள் குடும்பப் பயணம் ஒன்றில் இதே கதைதான். மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஒரு சகோதரியை மருத்துவமனையில் காட்டினோம். ‘ஏன் தண்ணீர் குடிக்கல?’ என்று மருத்துவர் கேட்டதற்கு, ‘எங்க போறது?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன் பிறகு நாங்கள் செய்வது இதுதான்: கிளம்பும் முன் வரைபடத்தில் சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், பெரிய உணவகம், பெண்கள் தொழும் வசதி உள்ள பள்ளிவாசல் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, அவற்றை வைத்தே நிறுத்தங்களைத் தீர்மானிக்கிறோம். இந்தப் பட்டியலைப் போடும் வேலையைப் பெண்களிடமே கொடுத்துவிடுங்கள். ஆண்கள் போட்டால் பிரியாணிக் கடைகள்தான் அதில் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் தருமபுரிக்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. நம் மாவட்டத்துக் கிணற்று நீரிலும் போர் நீரிலும் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, முதுகு மூட்டு இறுக்கம் ஆகியவை அதன் விளைவுகள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இதைச் சரிசெய்யத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பலர் செய்யும் தவறு, போர் நீரைக் கொதிக்க வைத்துக் கேனில் நிரப்புவது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஆகவே வீட்டிலிருந்து எடுத்துப் போவது ஒகேனக்கல் குழாய் நீராக இருக்கட்டும். வெளியூரில் நான்கு நாள் குடிக்கும் நீரில் ஃப்ளோரைடைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது வருடக்கணக்கில் குடித்தால் வரும் பாதிப்பு. அங்கே கிருமிக்குத்தான் பயப்பட வேண்டும். நீலகிரிக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம்கள் உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது, முன்கூட்டியே எடுத்துவிட்டால் சாவடியில் வெயிலில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி பிரியாணி. வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அதிகாலை மூன்று மணிக்குத் தம் போட்டு, தேக்சாவைத் துணியால் சுற்றி வேனில் ஏற்றி, மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிடுவது நம் வழக்கம். மிச்சத்தை இரவுக்கும் வைப்போம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தேக்சாவுக்குள் சூடு மெல்ல இறங்கி, பல மணி நேரம் அந்த இடைப்பட்ட நிலையில்தான் இருக்கும். அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்து வேகும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். ‘திரும்பச் சூடு பண்ணிட்டேன்’ என்றாலும் அந்த நஞ்சு அழியாது. ஊசிப்போன வாசனையும் வராது, அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

பிரியாணியை விட வேண்டாம். காலை நிறுத்தத்திலேயே, தம் ஆறும் முன் திறந்து முடித்துவிடுங்கள். மதியத்துக்கு இறங்கும் இடத்தில் அந்த வேளைக்கு மட்டும் சமைக்கலாம். வழிக்கு வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், வாழைப்பழம், காய்ந்த சப்பாத்தி, நம் ஊர்க் கேழ்வரகு ரொட்டி எல்லாம் எடுத்துப் போகலாம். வேனில் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு மூன்று வேளை கறிச்சோறு தேவையும் இல்லை. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கிக் கொடுக்கலாம்.

சமைப்பது வண்டிக்கு வெளியே மட்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாக ஏற்றி வந்த சிலிண்டரில் அடுப்புப் பற்றவைத்ததால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்த சாதாரணக் குடும்பத்தினர் அவர்கள். வேனுக்குள் மழைக்காக, காற்றுக்காக அடுப்பை உள்ளே இழுத்துப் பற்றவைக்கும் பழக்கமும் இதேதான்.

தூங்கும்போதும் கவனம் வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு விழிப்பே இல்லை. நின்ற வண்டியில் என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுத் தூங்கும் நம் ஓட்டுநர்களும் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, இரு பக்கமும் கண்ணாடியை இறக்கி, கொசுவலையைக் கட்டிக்கொண்டு தூங்கலாம்.

ஓட்டுநரின் உடம்பும் நம் எல்லாருடைய உடம்பும் ஒன்றுதான். தருமபுரியிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குக் கிளம்பியவுடனேயே தொப்பூர் கணவாய் இறக்கம் வந்துவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலை 44இல் எத்தனையோ உயிர்களை வாங்கிய இடம். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்து நான்கு பேர் அங்கே இறந்தார்கள். ‘காலையில ஊட்டியில இருக்கணும்’ என்று இரவு பன்னிரண்டுக்குக் கிளம்பினால், பகலெல்லாம் வேறு வாடகை ஓட்டிவிட்டு வந்த ஓட்டுநர் அந்த இறக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். முந்தின இரவு தூங்கினாரா என்று அவரிடம் கேளுங்கள். தங்கும் இடத்தில் அவருக்குச் சீட்டைச் சாய்த்துக் கொடுக்காமல் ஒரு கட்டில் கொடுங்கள். மதியம் கறிச்சோற்றுக்குப் பிறகு இருபது நிமிடம் கண்ணயர விட்டு, அதற்குப் பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினை வண்டியின் முன்பக்கத் தட்டில் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் அது வீணாகிவிடும். வாயகன்ற தெர்மாஸில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி வையுங்கள். ஐஸில் உறைந்த இன்சுலினும் பயன்படாது. ஊசி போட்டுவிட்டு ‘சாப்பாடு இதோ வந்துடுச்சு’ என்று ஒரு மணி நேரம் இழுத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும். அவரவர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். சாப்பாடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் வாந்தி வரும் பிள்ளைகளை முன்சீட்டில் உட்கார வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லி, கையிலிருக்கும் கைப்பேசியை வாங்கிவிட்டால் பாதி சரியாகிவிடும்.

முதல்முறை வேன் பயணம் போகிறவர்கள் நேராக மூணாறுக்குப் போகாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். தருமபுரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். எல்லாரும் ஏறி இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது, யாருக்கு அடிக்கடி நிறுத்த வேண்டும், எந்த மூட்டை காலை இடிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதம் வரை ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு காலும் லேசாக வீங்கி, ஓரிரு நாளில் வடிந்தால் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போய், நீண்ட பயணம் போய் வந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது அவருக்குத் தெரியாது. திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.