தட்டினால் இறுகும், சுட்டால் இளகும்

சாமளாபுரத்திலிருந்து திருப்பூர் செல்லும்போதெல்லாம் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் சற்று நின்று கவனிப்பேன். பித்தளைத் தகடு தட்டத் தட்ட இறுகும். மேலும் தட்டினால் வெடிக்கும். அதனால் தொழிலாளர் அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடி தட்டுகிறார். தட்டியதால் சிதைந்த உலோகப் படிகங்கள் வெப்பத்தில் புதிதாக உருவாவதே அந்த இளக்கம்.

இப்பாடத்தைப் பிரிட்டிஷ் படை இழப்பின் வழியே கற்றது. 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த தோட்டா உறைகள், இந்திய மழைக்காலத்தில் குதிரை லாயங்களருகே இருந்தபோது தாமாகவே விரிசல் விட்டன. வார்ப்பெடுத்த உறைக்குள் அல்ல, இழுத்து வடித்த உறைக்குள் தங்கிய இறுக்கமும், லாயத்தில் எழுந்த அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். மிதமான சூட்டில் இறுக்கத்தைத் தணிப்பதே தீர்வாயிற்று.

மேலைநாடுகளில் சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மீண்டும் நிரப்புவோர், உறையின் கழுத்தை மட்டுமே காய்ச்சுவர். அடிப்பாகம் இளகினால் வெடிப்பழுத்தத்தைத் தாங்காது, சுடுபவருக்கே ஆபத்து. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

எவ்வளவு சூடு, எந்த இடத்தில் என்பதே இதன் சாரம். சூட்டின் நிறத்தைக் கண்ணாலேயே அளக்கும் பட்டறை அறிவும் உலோகவியலே. அந்தக் கைகள் ஓயுமுன், நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதைப் பாடமாக்க வேண்டும்.