சந்நிதி முதல் கதிர்காமம் வரை: கிழக்குக் கரையின் நடைவழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றங்கரையில் இருக்கும் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கிக் கதிர்காமத்தில் முடிகிறது கதிர்காமப் பாதயாத்திரை. இலங்கையில் இன்றும் நடைமுறையில் உள்ள மிக நீண்ட யாத்திரை வழிகளுள் இது ஒன்று. முழுவதையும் நடக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும். வைகாசியை ஒட்டிப் புறப்படுகிறவர்கள், ஆடிப் பூரணையோடு நிறைவுறும் கதிர்காமத் திருவிழாவின் கொடியேற்றத்துக்குள் போய்ச்சேரப் பார்ப்பார்கள்.

ஐரோப்பாவின் நெடுவழிகள் பலவும் ஏட்டுக் குறிப்புகளைக் கொண்டு மீட்கப்பட்டவை. இங்கிலாந்தின் கன்ரபரியிலிருந்து இத்தாலிய நாட்டுப்புறம் ஊடாக ரோமுக்குச் செல்லும் பிரான்சிஜெனா வழி, பேராயர் சிஜெரிக் 990இல் தங்கிச் சென்ற ஊர்களின் பட்டியலை வைத்து அடையாளம் காணப்பட்டது. ஐரோப்பிய மன்றம் அதை 1994இல் பண்பாட்டு வழியாக ஏற்றது. கதிர்காம வழியையோ நடந்தவர்களின் நினைவே காத்துவந்திருக்கிறது. குழுவுக்குக் குழு தடம் சற்று மாறும். எங்கே கோயில் உண்டு, எங்கே குடிநீர் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே அன்றன்றைய நடை அமைகிறது. வேலைத் தாங்கி முன்செல்பவரை ‘வேல்சாமி’ என்பார்கள். நடப்பவர்கள் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பார்கள்.

தொடக்கம் சந்நிதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ‘சின்னக் கதிர்காமம்’ என்று பெயர்பெற்ற இக்கோயிலில் மூலவராக விளங்குவது வேல். கதிர்காமத்தைப் போலவே இங்கும் பூசகர் வெண்துணியால் வாய்கட்டி, மந்திரம் ஓதாமல் பூசை செய்கிறார். சந்நிதியின் மடங்களில் நடக்கும் அன்னதானமும் பேர்பெற்றது. அதே வழக்கம் வழிநெடுகத் தொடர்வதால்தான் கையில் பணமில்லாதவரும் இந்த யாத்திரையைச் செய்ய முடிகிறது.

வற்றாத ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலமான குடாநாட்டைத் தாண்டினால் வன்னி. முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்போரம் உள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் முதற்பெரும் தங்கல். அதன் வைகாசிப் பொங்கலை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொள்பவர்கள் உண்டு. அடுத்து, திருகோணமலையில் கடலுக்கு மேல் எழும் பாறையுச்சியில் திருக்கோணேச்சரம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தனர். இன்றுள்ளது பிற்காலக் கட்டடம். அதற்குத் தெற்கே, ஆற்றங்கரையில் வெருகல் சித்திர வேலாயுதர் கோயில்.

மட்டக்களப்பிலும் அதற்குத் தெற்கிலும் களப்பையும் கடலையும் ஒட்டி வழி நீள்கிறது. அமிர்தகழி மாமாங்கேசுவரர், வாய்கட்டிப் பூசை நடக்கும் மண்டூர் முருகன், கடலைப் பார்த்த திருக்கோவில் சித்திர வேலாயுதர் என்று கோயில்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஊரவர்கள் தண்ணீரும் மோரும் சோறுமாக எதிர்கொள்வார்கள். பொத்துவில் தாண்டிச் சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமைக்குப் பிறகு ஊர்கள் அருகி, உகந்தையில் காடு தொடங்குகிறது.

உகந்தையில் மலையடிவாரத்தில் முருகனுக்கும் மேலே பாறைச் சுனைகளின் அருகே வள்ளிக்கும் கோயில்கள். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை இது என்பது ஐதீகம். இங்கிருந்து கூமுனை, யால தேசியப் பூங்காக்கள் ஊடாகக் கதிர்காமத்துக்குச் சுமார் ஐந்தாறு நாள் நடை. வனசீவராசிகள் திணைக்களம் ஆண்டில் இந்தச் சில நாட்களுக்கு மட்டுமே காட்டுப்பாதையைத் திறந்துவிடுகிறது. தென்கிழக்கில் அது வறட்சிக் காலம். அதனால்தான் இரு பூங்காக்களுக்கும் இடையே ஓடும் கும்புக்கன் ஆற்றை நடந்தே கடக்க முடிகிறது. அதே காரணத்தால் குடிநீரும் அரிதாகிறது. பாலைப்பழம் பழுக்கும் பருவமும் இதுவே. அதைத் தேடிக் கரடிகள் வரும். யானையும் சிறுத்தையும் உள்ள காடு என்பதால் யாத்திரிகர்கள் கூட்டமாகவே நடப்பார்கள். கூமுனையின் சதுப்பு மரங்களில் கூழைக்கடாவும் நாரைகளும் கூடு கட்டும் மாதங்களும் யாத்திரையோடு பொருந்திவருகின்றன.

மருதமரங்கள் நிழல்செய்யும் மாணிக்க கங்கையில் நீராடியதும் கதிர்காமம். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. கருவறையில் சிலை இல்லை. திரைக்குப் பின்னே யந்திரம் உள்ள பேழை வைத்து வழிபடுகின்றனர். கிரிவெகர தாதுகோபமும் பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கின்றன. வள்ளியைத் தம் குலப்பெண்ணாகக் கொள்ளும் வேடர்களுக்கும் இங்கு உரிமை உண்டு.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடந்துவருவது இயலாமற்போயிற்று. கிழக்கில் யாத்திரையை 1988 முதல் மீண்டும் ஒழுங்குபடுத்தியவர்களில் அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முக்கியமானவர். 2009இல் போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து நடப்பது மறுபடி சாத்தியமாயிற்று. ஆனாலும் முழுவழியையும் நடப்பவர்கள் சிலரே. பெரும்பாலோர் பஸ்ஸில் உகந்தைக்கு வந்து காட்டுவழியை மட்டும் நடக்கிறார்கள். அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் கூடுவதால், தண்ணீர் வழங்குவதும் பிளாஸ்ரிக் கழிவைக் காட்டில் சேரவிடாமல் தடுப்பதும் யாத்திரை ஒழுங்கின் பெரும் வேலையாகிவிட்டன.